பெரிய கம்பெனியோடு கூட்டு: பெயர் யாருக்கு, லாபம் யாருக்கு?
ஒலிக் கருவி தயாரிப்பில் இறங்க நினைப்போர் கவனத்திற்கு



புதுவை எல்லையைத் தொட்டு நிற்கும் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கிடையாது. பள்ளிவாசல், கோயில், மாதா கோயில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், கட்சிக் கூட்டம், கடற்கரை விடுதி என்று எங்கும் மைக் செட் வேண்டும். ஆகவே ஸ்பீக்கர் விற்பவர், சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர் எல்லோரும் நம் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே.

பழுது பார்க்கக் கற்றவர் சில ஆண்டுகளில் தாமே நாலு ஆம்ப்ளிஃபயர் கட்டி விற்பது இந்தத் தொழிலில் சகஜம். சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கி வந்து, பெட்டி அடித்து, பெயர் ஒட்டி விற்பவர்கள் தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் உண்டு. அதற்கு அடுத்த படியில்தான் சிக்கல் தொடங்குகிறது. "சரக்கு நன்றாக இருக்கிறது, எங்கள் பெயரில் மாதம் இத்தனை செய்து கொடுங்கள்" என்று ஒரு பெரிய கம்பெனி கேட்டால் என்ன பதில் சொல்வது? மறுத்தால் வாய்ப்பு போகும். யோசிக்காமல் ஒப்புக்கொண்டால் கடையே போகலாம்.

நம் பக்கத்து உப்பளங்களைப் பாருங்கள். உப்பளத்தில் நின்று வாரியவருக்கு ஒரு விலை. அதையே பாக்கெட்டில் அடைத்துப் பெயர் அச்சிட்டவருக்கு வேறு விலை. ஒலிக் கருவித் தொழிலும் இதற்கு விதிவிலக்கல்ல. பெரிய கம்பெனியோடு கூட்டுச் சேர்வதில் நாம் உப்பு வாருபவராக நிற்கப் போகிறோமா, பெயர் உள்ளவராக நிற்கப் போகிறோமா என்பதுதான் முதல் கேள்வி.

கூட்டு நான்கு வகை

"கூட்டு" என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நான்கு வகை உண்டு.

முதலாவது ஜாப் ஒர்க். உதிரி பாகம் கம்பெனியுடையது, உழைப்பு நம்முடையது, கிடைப்பது கூலி. முதலீடு குறைவு, லாபமும் குறைவு. 

இரண்டாவது, பாகங்களையும் நாமே வாங்கி, கருவியை முழுமையாகச் செய்து, அவர்கள் பெயரில் கொடுப்பது. லாபம் கூடும், மாட்டிக்கொள்ளும் முதலும் கூடும். 

மூன்றாவது லைசென்ஸ். நாம் கண்டுபிடித்த முறையையோ வடிவமைப்பையோ அவர்கள் பயன்படுத்திக்கொண்டு, கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்று ராயல்டி கொடுப்பது. 

நான்காவது, இருவரும் பங்கு போட்டு நடத்தும் கூட்டு நிறுவனம்.

ஒரு வகையை மனத்தில் வைத்துக்கொண்டு வேறு வகையில் கையெழுத்துப் போடுவதால்தான் பின்னாளில் மனக்கசப்பு வருகிறது.

காரைக்குடிக் கடைக்காரர் செய்த கூட்டு

இந்தத் துறையில் தமிழ் வணிகர் ஒருவர் பெரிய கம்பெனியோடு சேர்ந்து ஜெயித்த கதை புதிதல்ல. காரைக்குடியில் 'ஏவி அண்ட் சன்ஸ்' என்ற கடையில் இசைத்தட்டு விற்றவர் ஏ.வி. மெய்யப்பன். 1930களின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து, நண்பர்களோடு சேர்ந்து 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இசைத்தட்டு அச்சிடும் தொழில்நுட்பம் ஓடியனிடம் இருந்தது. ஆனால் எந்தப் பாடகர் குரலுக்கு மதிப்பு, எந்த நாடகம் விற்கும், எந்த ஊரில் என்ன கேட்கிறார்கள் என்ற அறிவு கடைக்காரரிடம்தான் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசியவருக்கு மட்டும் தெரியக்கூடிய சங்கதி அது. அந்த அறிவை அவர் விலைக்கு விற்றுவிடவில்லை. தம் கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டுச் சேர்ந்தார். அங்கே கற்றதை வைத்துப் படத் தயாரிப்பில் இறங்கி, 1945இல் ஏவிஎம் நிறுவனத்தைத் தொடங்கியது யாவரும் அறிந்ததே.

நம் நாட்டில் யோசித்து, லண்டனில் தொடங்கியவர்

டால்பி என்ற பெயரைப் பார்க்காத தியேட்டர் ரசிகர் இருக்க முடியாது. அந்தப் பெயருக்குரிய ரே டால்பி ஓர் அமெரிக்கப் பொறியாளர். 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் பணியாற்றினார். ஒலிநாடாவில் பதிவு செய்யும்போது பின்னால் கேட்கும் 'உஸ்' என்ற இரைச்சலை எப்படிக் குறைப்பது என்ற யோசனை அவருக்கு இந்தியாவில் இருந்தபோதே உருவானது. 1965இல் லண்டனில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாக டால்பி லேபரட்டரீஸைத் தொடங்கினார்.

அவருடைய முதல் வாடிக்கையாளர் டெக்கா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான விலை உயர்ந்த கருவியை டால்பி தாமே செய்து தம் பெயரிலேயே விற்றார். ஆனால் வீட்டு உபயோக டேப் ரெக்கார்டரைச் செய்ய அவர் போகவில்லை. அதற்குப் பெரிய தொழிற்சாலையும் ஊர் ஊராக ஏஜென்சியும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எனவே எளிமைப்படுத்திய முறை ஒன்றை உருவாக்கி லைசென்ஸ் கொடுத்தார். 1968இல் அமெரிக்காவின் கே.எல்.எச். கம்பெனி அந்த முறை பொருத்திய டேப் ரெக்கார்டரை வெளியிட்டது. பிறகு மற்ற நாட்டுக் கம்பெனிகளும் வரிசையில் நின்றன.

அவர் வைத்த நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை. விற்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வர வேண்டும் என்பது ஒன்று. கருவியின் முகப்பில் டால்பியின் பெயரும் முத்திரையும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. டேப் ரெக்கார்டரின் பெரிய எழுத்து கம்பெனிக்கு, சிறிய எழுத்து டால்பிக்கு. அந்தச் சிறிய எழுத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் கருவி வாங்கினார்கள். காசெட் காலம் மறைந்த பிறகும் அந்தப் பெயர் நிற்கிறது. 2005இல் அந்நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

சென்னை நிறுவனம் கற்றுத் தரும் பாடம்

நமக்கு இன்னும் பக்கத்திலுள்ள உதாரணம் சென்னையின் ரியல் இமேஜ். செந்தில் குமார், ஜெயேந்திரா ஆகிய இருவரும் 1986இல் தொடங்கிய நிறுவனம் இது. அமெரிக்காவின் டி.டி.எஸ். ஒலி முறையை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் இவர்களே. 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு அறிமுகமான முறை அது. படச்சுருளில் நேரக் குறியீடு மட்டும் இருக்கும், ஒலி தனி வட்டில் ஓடும். 1996இல் வந்த 'கருப்பு ரோஜா' தமிழில் டி.டி.எஸ். முறையில் வெளியான முதல் படமாகும். தியேட்டருக்குத் தியேட்டர் கருவி பொருத்துவது, பராமரிப்பது, ஆபரேட்டருக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் உள்ளூரில் இருப்பவரால்தான் முடியும்.

படச்சுருளே ஒழிந்து டிஜிட்டல் திரையிடல் வரும் என்று அன்று எத்தனை பேர் நினைத்தார்கள்? சுருள் போனதும் வட்டில் ஓடிய அந்த முறைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. டி.டி.எஸ். கம்பெனியே தன் திரையரங்குப் பிரிவைக் கைமாற்றிவிட்டது. வெறும் ஏஜெண்டாக மட்டும் இருந்திருந்தால் சென்னை நிறுவனமும் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கூட்டு நடந்த காலத்தில் தியேட்டர்காரர்களின் தேவையை அவர்கள் நேரில் கற்றிருந்தார்கள். 'கியூப்' என்ற சொந்தப் பெயரில் டிஜிட்டல் திரையிடும் கருவியைச் செய்தார்கள். இன்று நிறுவனத்தின் பெயரே கியூப்தான்.

இரு சக்கர வாகனத் தொழிலிலும் இதே பாடம் உண்டு. ஜப்பானின் சுசூகியோடு சேர்ந்து வண்டி செய்த ஓசூர் டி.வி.எஸ்., 2001இல் தனியே வந்தது. அதே ஆண்டு 'விக்டர்' என்ற சொந்த வடிவமைப்பு வண்டியைச் சந்தைக்கு விட்டது. கூட்டாளி இருக்கும்போதே சொந்தப் பொறியாளர்களை வளர்த்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. கூட்டு நன்றாக நடக்கும் நாளிலேயே அது முடியும் நாளுக்கும் தயாராக வேண்டும்.

பெயர் உள்ளவருக்கும் தொழிற்சாலை வேண்டும்

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் பார்ப்போம். இளைஞர்கள் காதில் மாட்டித் திரியும் 'போட்' கருவிகளை விற்கும் நிறுவனத்திடம் பெயரும் சந்தையும் இருந்தன. சரக்கு பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தது. உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று வந்தபோது, பிறர் பெயரில் மின்னணுப் பொருள் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட டிக்சன் நிறுவனத்தோடு சேர்ந்தது. 2022 ஜனவரியில் இரு தரப்புக்கும் சரிபாதி என்ற அடிப்படையில் கூட்டு நிறுவனம் அறிவிக்கப்பட்டது. செய்பவரிடம் திறமை இருந்தால் பெயர் உள்ளவரும் தேடி வந்து பாதிப் பங்கு கொடுப்பார் என்பதற்கு இது சாட்சி. நாம் சிறியவர் என்பதால் கூலிதான் கிடைக்கும் என்று முன்கூட்டியே தலையைக் குனிய வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கதைகள் இருக்கட்டும், வணிகருக்குக் கணக்குதான் வேதம். உதாரணத்திற்கு, மாதம் 300 ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுக்க ஒப்புக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விலை ரூ.4,000. பாகம், கூலி, இதர செலவு சேர்த்து அடக்கம் ரூ.3,650. ஒன்றுக்கு ரூ.350 லாபம், மாதம் ரூ.1,05,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கம்பெனி 90 நாள் கடன் கேட்கிறது. மாதம் ரூ.10,95,000 அடக்கம். மூன்று மாதச் சரக்கு வெளியே நின்றால் ரூ.32,85,000 முடங்கும். மாதம் 1½ வட்டி என்றால் வட்டி மட்டும் ரூ.49,275. மீதி ரூ.55,725. நூற்றுக்கு நாலு, அதாவது 12 கருவி பழுது என்று திரும்பி வந்து, அவற்றை விற்க முடியாமல் போனால் ரூ.48,000 நஷ்டம். கடைசியில் கையில் நிற்பது ரூ.7,725. முதலாளி இரவு பகலாக உழைத்ததற்கு இதுவா கூலி? இதற்கும் மேலாக, பணம் வராவிட்டாலும் பில் போட்ட சரக்கிற்கு ஜி.எஸ்.டி. மறு மாதமே கட்டியாக வேண்டும்.

அதே கணக்கில் கடன் நாளை 45ஆகக் குறைத்தால் வட்டி பாதியாகிறது. திரும்பி வந்த கருவியைப் பழுது நீக்கி மீண்டும் கொடுக்கலாம் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் நஷ்டத்தில் பெரும் பகுதி மிஞ்சுகிறது. விலை பேசுவதில் காட்டும் கெட்டிக்காரத்தனத்தைக் கடன் நாளிலும் திரும்பும் சரக்கிலும் காட்ட வேண்டும் என்பதே இதன் சாரம்.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006 நமக்கு நல்ல கேடயம். பதிவு பெற்ற குறு, சிறு தொழில் நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் என்ன நாள் பேசியிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் மாதா மாதம் கூட்டு வட்டி. முறையீடு செய்ய மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றம் உள்ளது. இதற்கு மேல், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு கடிவாளம் போட்டது. குறித்த நாளுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது அமலுக்கு வந்தது.

இங்கே நம் வணிகர்கள் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உதயம் பதிவு பெறலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால் வியாபாரி என்ற வகையில் பதிந்தவருக்கு வங்கிகளின் முன்னுரிமைக் கடன் சலுகை மட்டுமே உண்டு. 45 நாள் பாதுகாப்பு கிடையாது. ஆகவே விற்பனையோடு தயாரிப்பும் செய்பவர் பதிவில் தயாரிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பில்லிலும் பதிவு எண்ணை அச்சிடுவது நல்லது.

ஜாப் ஒர்க் செய்வோர் ஜி.எஸ்.டி. விதியையும் கவனிக்க வேண்டும். கம்பெனி அனுப்பிய பாகங்கள் ஓராண்டுக்குள் திரும்பவோ, அங்கிருந்தே விற்கப்படவோ வேண்டும். இயந்திரம் போன்றவற்றிற்கு மூன்றாண்டு. நமக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. முத்தியால்பேட்டை நடந்து போகும் தூரம்தான் என்றாலும், கோட்டக்குப்பத்திலிருந்து அங்கே போகும் சரக்கு வேறு மாநில விற்பனைக் கணக்கிலேயே வரும்.

தரப் பதிவையும் மறக்கக் கூடாது. மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு 2012ஆம் ஆண்டு ஆணையில் தொடங்கியது. ஒலிக் கருவிகளில் பலவும் இதில் அடங்கும். இந்தப் பதிவு தொழிற்சாலை வாரியாகவும் பிராண்ட் வாரியாகவும் பெற வேண்டியது. செய்யப்போகும் கருவி அதில் வருகிறதா, சோதனைச் செலவு யார் தலையில் என்பதை முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துக்கு முன் எட்டு கேள்விகள்

1. சர்க்யூட்டும் வடிவமைப்பும் யாருக்குச் சொந்தம்? நம்முடையது என்றால் அது எழுத்தில் இருக்கிறதா?

2. பெட்டியின் பின்புறத்தில் 'தயாரிப்பு' என்று நம் பெயர் வருமா?

3. மாதம் குறைந்தது இத்தனை எடுப்போம் என்ற உறுதி உண்டா? நாம் பாகம் வாங்கிய பிறகு ஆர்டரை ரத்து செய்தால் அந்தச் சரக்கு யார் பொறுப்பு?

4. செம்பு, காந்தம், டாலர் விலை ஏறினால் நம் விலையும் ஏறுமா?

5. பழுது என்று சொல்வது யார்? எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? திருத்திக் கொடுக்க அனுமதி உண்டா?

6. அச்சு, டை, ஜிக் செய்யும் செலவு யாருடையது? கூட்டு முடிந்தால் அவை யாரிடம் இருக்கும்?

7. சொந்தப் பெயரில் நாம் விற்பதற்குத் தடை உண்டா? உண்டு என்றால் எந்தக் கருவிக்கு, எத்தனை ஆண்டுக்கு?

8. பிரிவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு?

இந்த எட்டுக்கும் வாய்வார்த்தையாகப் பதில் வந்தால் போதாது, தாளில் வர வேண்டும். இன்று நம்மிடம் பேசும் மேனேஜர் நல்லவராக இருக்கலாம். நாளை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவருக்குத் தெரிந்தது தாளில் உள்ளது மட்டுமே.

ஏழாவது கேள்விக்குத் தனி கவனம் வேண்டும். உற்பத்தி முழுவதையும் ஒரே கம்பெனிக்குக் கொடுப்பவர், பெயரளவில் முதலாளி, உண்மையில் சம்பளம் இல்லாத சிப்பந்தி. பாதியாவது சொந்தப் பெயரிலோ வேறு வாடிக்கையாளருக்கோ போக வேண்டும். சொந்தப் பெயரை 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து வைப்பதும் அவசியம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

"பெரிய கம்பெனிக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். உப்புக் காற்று தெரியும் என்பதே பதில்.

இந்தக் கரையோரம் ஒலிபெருக்கி எப்படிச் சாகிறது என்பதை நம் பழுது பார்ப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். இரும்புத் திருகு துருப்பிடிக்கிறது. செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. காந்த இடைவெளியில் இரும்புத் தகடு துருத்து, வாய்ஸ் காயில் உரசிக் கரகரக்கிறது. போர்டில் ஈரம் கசிந்து ஃபியூஸ் போகிறது. கடலிலிருந்து தூரத்தில் உள்ள ஊரில் வடிவமைத்த பெட்டிக்கு இந்தச் சோதனைகள் தெரியாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகு, ஈயம் பூசிய கம்பி, வார்னிஷ் பூசிய போர்டு, நீர் புகாத மூடி ஆகியவற்றோடு கடற்கரைக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரு தனிச் சரக்கு. கடலோரத்துப் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும், துறைமுகத்துக்கும், விடுதிக்கும் அது தேவை.

இந்த அறிவு வெறும் அனுபவமாக நின்றால் விலை போகாது. எந்த மாடல் எத்தனை மாதத்தில் எந்த இடத்தில் பழுதாகிறது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். மாதிரிக் கருவி ஒன்றைச் செய்து, பரிசோதனைக் கூடத்தில் உப்புத் தூவல் சோதனைக்கு உட்படுத்தி ரிப்போர்ட் வாங்குங்கள். அந்த நோட்டும் ரிப்போர்ட்டும் கையில் இருந்தால், நாம் வேலை கேட்டுப் போகிறவர் அல்ல, சரக்கு வைத்திருக்கும் வியாபாரி.

தனி ஒருவரால் இதெல்லாம் ஆகுமா என்று தயங்க வேண்டாம். பெட்டி அடிப்பவர், காயில் சுற்றுபவர், போர்டு கட்டுபவர், விற்பவர் என்று நாலு பேர் சேர்ந்தால் மாதிரிக் கருவிக்கும் சோதனைக்கும் ஆகும் செலவு நாலாகப் பிரியும். வழிகாட்டுதலுக்கு மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. ஒப்பந்தத்தை வக்கீலிடமும் ஆடிட்டரிடமும் காட்டும் செலவைச் செலவு என்று எண்ணாதீர்கள். நாளை வரும் நஷ்டத்திற்கு இன்று கட்டும் பிரீமியம் அது.

பெரிய கம்பெனி நமக்குப் பகையும் அல்ல, தெய்வமும் அல்ல. நம்மைப் போல் லாபம் தேடும் இன்னொரு வியாபாரி. அவரிடம் பணமும் பெயரும் இருக்கின்றன. நம்மிடம் கைத்திறனும் வாடிக்கையாளரைத் தெரிந்த கண்ணும் இருக்கின்றன. இரண்டும் சம மரியாதையோடு சேர்ந்தால் இருவருக்கும் வாழ்வு. ஆழம் பார்த்துக் காலை வையுங்கள். வைத்த பிறகு உங்கள் பெயரை மட்டும் கரையில் விட்டுவிடாதீர்கள்.

வளர்க வணிகம்!